மிஸ் யூலாலியின் பதினாறு நாற்காலிகள்

"இங்கே சாப்பிடாதீங்க. பேருக்குத்தான் கிரியோல் சமையல். குழம்புக்கு அடியில சேர்க்கிற ரூவைக்கூட பாட்டில்ல வாங்கி ஊத்துறாங்க!"

கைடு கிளாடெட் இப்படிச் சொன்னது மிஸ் யூலாலியின் கடை வாசலிலேயே நின்றுகொண்டு! அவளுக்குப் பின்னால் கழுத்து நிறைய பாசிமணி மாலைகளோடு இருபது சுற்றுலாப் பயணிகள்.

என் கோவேறு கழுதை வண்டியை நடுத்தெருவில் அப்படியே நிறுத்தினேன். வண்டியில் இருந்த ஓஹையோ தம்பதி பதறிப் போனார்கள்.

பாட்டிலா? மாவையும் எண்ணெயையும் அடுப்பில் வைத்து, காபி நிறம் வரும்வரை கரண்டியைக் கீழே வைக்காமல் ஒரு மணி நேரம் ரூ கிளறுகிற மனுஷி அவர். எங்கள் பிரெஞ்ச் குவார்ட்டர் பேட்டையில் வேறு யார் அவ்வளவு நேரம் அடுப்படியில் நிற்கிறார்கள்?

"கிளாடெட்! வாய் கூசாம பொய் சொல்றியே!" என்று கத்தினேன்.

"நீ உன் கழுதையைப் பாரு, அனத்தோல்!" என்றாள். கூட்டம் சிரித்தது. "வாங்க, நாம டெகேட்டர் தெருவுக்குப் போவோம். அங்கே ஒரு கடை வாசல்லயே முதலை நிக்கும். பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கலாம்."

பிளாஸ்டிக் முதலை! அந்தக் கடையின் கம்போ குழம்பை என் கழுதைகூட முகர்ந்து பார்க்காது.

எனக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. கிளாடெட் சதுப்பு நிலப் பக்கத்துக் கேஜன் இனத்துக்காரி; அவர்கள் சமையலே வேறு. கம்போவில் தக்காளி போடுகிறோம் என்று எங்கள் கிரியோல் சமையலை எப்போதும் கிண்டல் செய்வாள். கிண்டல் சரி. அதற்காக ஒருவர் வயிற்றில் அடிப்பதா? முதலைக் கடைக்காரன் எவ்வளவு கொடுத்தானோ!

நானும் இதே தெருவில்தான் பிழைக்கிறேன். ஐந்து மாதமாக என் வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும், "அசல் கிரியோல் சாப்பாடு வேணும்னா மிஸ் யூலாலி கடை ஒண்ணுதான்!" என்று சொல்லிவருகிறேன். பைசா கமிஷன் வாங்கியதில்லை. நான் சொல்லிச் சொல்லித்தான் அங்கே வரிசை தெருமுனை வரை நிற்கிறது. எனக்கே அங்கே இடம் கிடைத்து ஏழு வாரம் ஆகிறது. ஆனாலும் அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் அவ்வளவு பெருமை.

அதில் இவள் மண்ணள்ளிப் போடுகிறாளே!

ஓஹையோ தம்பதியைச் சதுக்கத்தில் இறக்கிவிட்டு, இன்னொரு வண்டிக்காரனிடம் ஆத்திரத்தைக் கொட்டினேன்.

"இன்னைக்குத்தான் உனக்குத் தெரியுமா? ஒரு வாரமா இதேதான் சொல்லிக்கிட்டுத் திரியிறா. மத்த கைடுங்களையும் சொல்ல வச்சிருக்கா" என்றான்.

கழுதையை அவனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன்.

சற்றுமுன் கிளாடெட்டின் கூட்டம் மறைத்திருந்தது; இப்போது பார்த்தால் கடை வாசலில் வரிசை இல்லை. ஒருவர்கூட இல்லை.

கதவைத் திறந்தால், உள்ளே ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் ஆக்டேவ், தபால்கார நோரீன், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் இந்தத் தெருக்காரர்கள். திங்கட்கிழமை என்பதால் எல்லார் தட்டிலும் சிவப்பு பீன்ஸும் சோறும். துணி துவைக்கிற நாளில் அதுதான் எங்கள் ஊர்ச் சாப்பாடு.

நான் உட்காருவதற்குள் மிஸ் யூலாலி ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"மிஸ் யூலாலி, விஷயம் தெரியுமா? அந்த கிளாடெட்..."

"முதல்ல சாப்பிடு."

ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன். ஆனாலும் அடங்க முடியவில்லை.

"எப்படிச் சாப்பிடுறது? நீங்க ரூவை பாட்டில்ல வாங்குறீங்களாம்!"

மிஸ் யூலாலியின் முகம் சிவந்துவிட்டது.

"பாட்டில்னா சொன்னா?"

"இருபது பேர் முன்னாடி! உங்க வாசல்லயே!"

"அடிப்பாவி! இறால் பழசுன்னு மட்டும்தானே சொல்லச் சொன்னேன்!"

கரண்டியைத் தட்டில் போட்டேன்.

"நீங்களா சொல்லச் சொன்னீங்க?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஆக்டேவைக் காட்டினார்.

"இருபது வருஷமா திங்கட்கிழமை ஒரு மணிக்கு அவருக்கு அந்த நாற்காலிதான். அஞ்சு மாசமா வரிசையைப் பார்த்துட்டு, ஒண்ணும் பேசாம திரும்பிப் போனார். நோரீனும் அப்படித்தான். இருக்கிறதே பதினாறு நாற்காலி. புதுசா வர்றவங்க ரெண்டு வாய் தின்னுட்டு, 'காரமே இல்லையே, இது அசலா?'ன்னு கேட்டுட்டுப் போறாங்க. அதுக்காக, பசின்னு வாசல்ல வந்து நின்னவங்களைப் போன்னு சொல்ல முடியுமா? வாசலுக்கு வராம தடுக்கத்தான் வழி தேடினேன்."

"சரி, திடீர்னு இவ்வளவு கூட்டம் எங்கேருந்துதான்..."

பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ஆக்டேவ் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. நோரீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னைத் தவிர அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வெட்கமாக இருந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மிஸ் யூலாலி?" என்றேன்.

அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி பீன்ஸை ஊற்றினார்.

"நீ எவ்வளவு ஆசையா சொல்லிட்டுத் திரிஞ்சே! உன் வாயை மூடச் சொல்ல எனக்கு மனசு வரலைடா. அதான் அவளை வாயைத் திறக்கச் சொன்னேன்."