பதினாலு நாள் நிலா

"இதை எங்கேருந்து காப்பியடிச்சே?"

அறிவியல் டீச்சர் நோட்டைத் தூக்கிக் காட்டினார். ஏழாம் வகுப்பே கழுத்தை நீட்டியது.

பிறை தெரிந்த நாளிலிருந்து பதினாலு நாள், தினமும் சாயங்காலம் நிலாவைப் பார்த்து வரைய வேண்டும். சரியாகச் செய்த ஒருத்தருக்குக் கோளரங்கம் போக இடம். ஒரே ஒரு இடம்.

சுண்டெலி என்று வகுப்பே கூப்பிடும் குட்டிப் பெண் எழுந்து நின்றாள். அவள் நோட்டில் அத்தனை நிலாவும் இடம் வலம் மாறிக் கிடந்தன.

"டீச்சர், அவ வீட்டுக்கு மட்டும் நிலா பின்வாசல் வழியா வருது போல!" என்றான் வகுப்பு லீடர். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

சிவப்புப் பேனாவைத் திறந்த டீச்சர், அப்படியே நிறுத்தினார். புத்தகத்தைப் பார்த்துப் போட்டிருந்தால் சரியாக அல்லவா இருக்கும்?

ஒன்பதாம் நாள் கட்டம் காலி. கீழே, 'மேகம். தெரியலை.'

அன்றைக்கு அடைமழை. டீச்சரின் குடையே பிய்ந்துபோன நாள். லீடரின் நோட்டைப் புரட்டினார். ஒன்பதாம் நாள் நிலா ஜம்மென்று காய்ந்துகொண்டிருந்தது! அடுத்த நோட்டு. அதிலும். அதற்கடுத்ததிலும்!

லீடர் தன் செருப்பை ஆராய ஆரம்பித்தான்.

"நீ சொல்லும்மா. ஏன் எல்லாம் மாறியிருக்கு?"

"அக்கா வரைஞ்சது டீச்சர். கண்ணாடியில அப்படித்தான் தெரிஞ்சுதாம்."

"என்ன கண்ணாடி?"

"அக்கா முதுகுல அடிபட்டு எட்டு மாசமா படுக்கை. ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர்தான். வீட்டுப்பாடம் என்னன்னு சொன்னதும், 'எனக்கும் நிலா காட்டுடி'ன்னா. ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு ஏறி, முகம் பார்க்கிற கண்ணாடியைச் சாய்ச்சுப் பிடிச்சேன். 'இன்னும் மேலே... இன்னும்... ஆங், வந்துடுச்சு!'ம்பா. படுத்தபடியே வரைஞ்சா."



டீச்சர் கோளரங்கப் பட்டியலை எடுத்தார். "நிஜ நிலாவைப் பார்த்தது உங்க வீடு ஒண்ணுதான். உன் பேரைத்தான் எழுதறேன்."

"வேண்டாம் டீச்சர். பொய்யாயிடும்."

"ஏம்மா?"

"நான் ஒரு நாள்கூட நிலாவைப் பார்க்கலை டீச்சர். தலையைத் தூக்கினா கை ஆடிடும். அக்காவோட நிலா ஓடிப்போயிடும்."