தலைக்கு மேல் ஒரு பெயர்

கணினித் திரையில் ஒரு கிராஃப் இருந்தது. ஊருக்கு ஒரு புள்ளி. பெய்த மழைக்கேற்ற உயரம். எல்லாவற்றுக்கும் மேலே நின்ற புள்ளிக்கு மட்டும் 'தேனிலுப்பை' என்று ஊர்ப்பெயர் எழுதியிருந்தது. மற்றவை பெயரில்லாமல் கீழே கிடந்தன.

"அக்கா, என்னை விட்டுப் போய்விட மாட்டாயே?" என்று அந்தப் புள்ளி அடிக்கடி தன் பெயரைக் கேட்கும்.

"நான் எங்கேடி போகப் போகிறேன்? இங்கேயேதான் இருப்பேன்" என்று பெயர் சொல்லும். புள்ளிக்கு அது போதும்.

ஒரு நாள், கிராஃப் வரைந்தவள் தன் தவறைக் கண்டாள். தேனிலுப்பையின் மழைக்கணக்கில் மூன்றை எட்டாகப் படித்திருந்தாள். எண்ணைத் திருத்தி, கணினியை மறுபடி வரையச் சொன்னாள். புள்ளி சரிந்து கீழே கூட்டத்துக்குள் விழுந்தது. பெயரை மட்டும் முன்பு அவளே கையால் இடம் பார்த்து வைத்திருந்தாள்; அது புள்ளியோடு தானாக நகராது. அதை நகர்த்த மறந்துபோனாள்.

"அக்கா, இறங்கி வா!"

"எப்படி வருவேன்? இந்த இடத்தில் நில் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். யாரோடு நில் என்று சொல்லவில்லையே."

"அப்படியானால் நான் யார்?"

"எங்களில் ஒருத்தி" என்றது பக்கத்துப் புள்ளி. "கொஞ்சம் தள்ளி நில், இடிக்கிறாய்."

அடுத்த மழைக்காலத்தில் வேறோர் ஊரில் நிஜமாகவே கொட்டித் தீர்த்தது. அந்த ஊரின் புள்ளி மேலே ஏறி, தேனிலுப்பை என்ற பெயருக்கு அடியில் போய் நின்று, தயங்கித் தயங்கி எதையோ கேட்டது.

"நான் எங்கேடி போகப் போகிறேன்?" என்று பெயர் சொன்னது கீழே வரை கேட்டது.