பதினேழாம் பிரதி

"அதுல நகத்தை வைக்காதே எபெர்! பிரிச்சேன்னா நடுத்தெருவுலயே உன் கழுத்தை நெரிச்சிருவேன்!"

சுல்மா போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக் கூண்டுக்கிளிகள் வாயடைத்துப்போயின. மொந்தெவிதேயோ நகரின் ஞாயிற்றுச் சந்தையில், பழைய இசைத்தட்டுகளும் இசைக் கலைஞர்களின் புகைப்படங்களும் விற்கும் கடை எபெருடையது. அவர் கையிலிருந்த பழுப்பு உறையைப் பிடுங்கிய சுல்மா, அதைப் பச்சிளங்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டார்.

அந்த உறையே ஓர் இதழ். அட்டை போட்டுத் தைப்பதெல்லாம் பழம்போக்கு என்று ஏளனம் செய்த புதுமைக் கலைஞர்கள் சிலர், நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், ஓவியமும் கவிதையும் புகைப்படமுமாகப் பத்து உதிரித் தாள்களை உறையிலிட்டு, எண்ணிட்டு, நாற்பதே பிரதிகள் வெளியிட்டனர். நாற்பதையும் தம் கையால் ஒட்டியவர் எபெர். பதினேழாம் எண்ணைச் சுல்மாவிடம் கொடுத்தவரும் அவரே. மற்ற முப்பத்தொன்பதும் என்றோ பிரிக்கப்பட்டுவிட்டன.

"நீ குடுத்த மறு ஞாயிறே ஓடி வந்து, 'பிரிக்கவே இல்லை, பிரிக்கவும் மாட்டேன்'னு பெருமையாச் சொன்னேன். அன்னிக்குத் தொங்கின மூஞ்சி இன்னும் நிமிரல உனக்கு! வாரம் தவறாம 'பிரிச்சியா, பிரிச்சியா'ன்னு ஒரே நச்சரிப்பு."

"பாக்கத்தானே அச்சடிச்சோம்?"

"பாக்கிறவங்க பாக்கட்டும். நான் சேக்கிறவ. பிரிச்சா அது வெறும் காகிதம்யா!"

அன்று சுல்மாவின் கால்கள் தரையில் பாவவில்லை. முரசுக் குழுவொன்றின் திருவிழா ஊர்வலத்தைப் படமெடுத்த புகைப்படக் கலைஞர் ஒருவர், பன்னிரண்டு படங்களை மட்டும் தேர்ந்து, மிகச் சில படிகளே அச்சிட்டிருந்தார். அவற்றுள் பதினொன்று சுல்மாவிடம் இருந்தன. கிடைக்காத ஏழாவதை எடுத்துக்கொண்டு, பிரேசிலிலிருந்து மொராயிஸ் என்னும் சேகரிப்பாளர் வந்துகொண்டிருந்தார். அதற்கு ஈடாக அவர் கேட்டது பதினேழாம் பிரதியை. உறை பிரிக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

"ஏழாவது படம், எபெர்! அத்தனை முரசுக்காரங்களும் ஒரே நேரத்துல கையை ஓங்கி நிக்கிற படம்! இன்னிக்குச் சாயங்காலம் பன்னெண்டையும் வரிசையா மாட்டிட்டு, நடுவீட்டுல தன்னந்தனியா ஆடப்போறேன்!"

"உறை ஊரைவிட்டே போயிருமே, சுல்மா."

"போகட்டுமே. உனக்கென்ன வயித்தெரிச்சல்?"

"என் கடையில எது வேணும்னாலும் எடுத்துக்க. கடையையே எடுத்துக்க. ஒரே ஒரு தடவை உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டுக் குடு."

"உன் கடையில இருந்த நல்லதெல்லாம் எப்பவோ என் வீட்டுக்கு வந்தாச்சு!"

தெருமுனையில் ஒரு வைக்கோல் தொப்பி தெரிந்தது. "வந்துட்டாரு!" என்று துள்ளிய சுல்மா, கடைக்கயிற்றில் புகைப்படங்களுக்கு நடுவே உறையைக் கவ்வியால் மாட்டினார்.

"இங்கயே தொங்கட்டும். பலகாரம் தின்ன எண்ணெய்க் கை உன்னுது. ஒரு விரல் பட்டுச்சு, தொலைச்சேன்!"

"ஒரு விரலும் படாது. சத்தியம்."

அறுபத்தாறு வயதை மறந்து, சுல்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார்.

எபெர் சத்தியத்தைக் காப்பாற்றினார். அந்த ஊர் வழக்கப்படி மாத்தே பானத்துக்காக அக்குளில் இடுக்கியிருந்த வெந்நீர் ஃபிளாஸ்க்கை எடுத்தார். மூடியைத் திருகித் திறந்தார். ஆவி உறையின் மடிப்பில் நன்றாகப் படும்படி ஏந்திக்கொண்டு, வானத்தைப் பார்த்துச் சீட்டியடித்தார்.

அவர்கள் இருவரும் வந்து சேர்ந்தபோது கோந்து இளகி, உறை வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது.

"அடப்பாவி! கொலைகாரா!" சுல்மா கைக்குக் கிடைத்த இசைத்தட்டை ஓங்கினார்.

"ஒரு விரல்கூடப் படலையே!" எபெர் ஃபிளாஸ்க்கைக் கேடயமாகப் பிடித்தார்.

மொராயிஸ் பெருமூச்சுவிட்டபடி, வெளியே எடுத்த ஏழாவது படத்தை மீண்டும் பைக்குள் வைத்தார். "மன்னிக்கணும் அம்மா. பிரிஞ்ச உறை என்கிட்டயே ஒண்ணு இருக்கு."

ஆயினும் சேகரிப்பவரின் பழக்கம் அவரை விடவில்லை. உறையிலிருந்த தாள்களை எடுத்து எண்ணினார். "எட்டு... ஒன்பது... பத்து... பதினொண்ணு? என் பிரதியில பத்துதானே இருக்கு!"

பதினொன்றாவது ஒரு சிறு புகைப்படம். முரசு கேட்கும் கூட்டத்தின் நடுவே, தலையைப் பின்னுக்குச் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கும் ஒரு பெண். இருபத்திரண்டு வயதுச் சுல்மா.

ஓங்கிய இசைத்தட்டு மெல்லத் தாழ்ந்தது. சுல்மா படத்தைத் திருப்பினார். பின்புறம் எபெரின் கையெழுத்து: 'என்னைத் திருமணம் செய்துகொள்வாயா? சம்மதமென்றால் அடுத்த ஞாயிறு என் கடைக்கு வா. இல்லையென்றால் இந்தப் பக்கமே வராதே.'

"வந்தேனேய்யா, மடையா!" என்று கத்தினார் சுல்மா. "அந்த ஞாயிறுல இருந்து ஒரு ஞாயிறு விடாம வந்துக்கிட்டேதானே இருக்கேன்!"