கேனைக் கட்டியிருந்த கயிறு

ஆளின்றிக் கரையொதுங்கிய வள்ளத்தில் குழம்புச்சட்டிகூடக் கவிழ்ந்திருக்கவில்லை. ராட்சத அலை அடித்திருக்கும் என்றார் மீன்துறை அதிகாரி. "அலையடிச்சா சட்டி நிக்குமா சார்? கடல்பேய்தான் கூப்பிட்டிருக்கு," என்றார் காணாமற்போனவனின் அண்ணன் லூர்துசாமி. அவன் இறந்துவிட்டான் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போயினர்.

உடல் கிடைக்காதவனின் சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்வது அவ்வூர் வழக்கம். லூர்துசாமி தம்பி மனைவியிடம் சட்டை கேட்டார். செலின் சட்டை எடுக்கப் போகாமல் வள்ளத்தில் ஏறினாள். குடிதண்ணீர்க் கேனைக் காணவில்லை. அதைக் கட்டியிருந்த கயிறு அவிழ்க்கப்பட்டு, வட்டமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

"பேய்க்கு என்ன அத்தான், தாகமா? அலைக்கு முடிச்சு அவுக்கத் தெரியுமா சார்?"

இருவரும் கயிற்றையே பார்த்தனர்.

"பெட்டியைத் திருப்பிக் கொடுத்துருங்க. அவரே கேனை அவுத்து எடுத்துக்கிட்டு வேற வள்ளத்துல ஏறியிருக்காரு. வராமலே போனாலும் போவாரு, ஆனா சாகல," என்றாள் செலின்.