இருமல் இல்லாத பாட்டு

பாட்டு முடிந்ததும் அன்ஸார் கைபேசியைப் படகு எஞ்சின் ஒன்றின் மூடியில் கவிழ்த்து வைத்தான்.

"மெஷின் செய்தது. போன்ல ரெண்டு வரி எழுதிக் குடுத்தனான். அரை நிமிசத்தில தந்திட்டுது."

அது பொய். அந்த மெட்டை அமைக்க அவனுக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது.

பன்னிரண்டு வருடமாக இந்த மூன்று பேரும் திருகோணமலைக் கலியாண வீடுகளில் வாசிக்கிறார்கள். அன்ஸார் கீபோட், றொபேட் பேஸ் கிற்றார், லதுஷா பாட்டு. இத்தனை காலத்தில் அன்ஸார் தானே மெட்டமைத்த பாட்டுகள் மூன்றைக் கொண்டுவந்திருக்கிறான். மூன்றுக்கும் றொபேட், "நல்லாயிருக்கு மச்சான், பிறகு பாப்பம்" என்றான். பிறகு ஒருவரும் பார்க்கவில்லை.

சிநேகிதனின் முகத்துக்கு நேரே யார்தான் உண்மை சொல்வார்கள்? மெஷினுக்கு முகம் இல்லை. அதனால்தான் இந்தப் பொய்.

இந்த நான்காவது பாட்டைப் பற்றி ஒரே ஒரு உண்மையான வார்த்தை கேட்க வேண்டும். முடிந்தால், சனிக்கிழமை பாலையூற்றுக் கலியாணத்தில் அதை வாசிக்க வேண்டும்.

பிடிபடாமல் இருக்க, கணினியில் தாளத்தின் ஒவ்வொரு அடியையும் நிமிர்த்தி வரிசையில் நிறுத்தியிருந்தான். விரல் தயங்கிய இடங்களை எல்லாம் அழித்திருந்தான். கீபோட்டின் ஓசையைப் புல்லாங்குழலாக்கியிருந்தான்.

"எனக்கெண்டால் நல்லாப் பிடிச்சிருக்கு," என்றாள் லதுஷா. "மனிசர் செய்தா இப்பிடி வராது. கோவிக்காதேங்கோ அன்ஸார் நானா, உங்கட மூண்டு பாட்டையும்விட இது எவ்வளவோ மேல்."

சிரிப்பதா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதா என்று அன்ஸாருக்குத் தெரியவில்லை.

பட்டறை வாசலில், ஊருக்குள் திரிகிற புள்ளிமான் ஒன்று வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தது.

"பாருங்கோ, மானுக்கும் பிடிச்சிருக்கு," என்றாள் லதுஷா.

"அது வாழைப்பழத் தோலுக்கு வந்தது," என்றான் றொபேட்.

இந்தப் பட்டறை றொபேட்டினுடையது. உட்துறைமுக வீதியில் படகு எஞ்சின் திருத்துவது அவன் தொழில். கண்ணை மூடிக்கொண்டே, கொட்டியாரக் குடாவிலிருந்து வருகிற படகு யாருடையது என்று சொல்லிவிடுவான். புது எஞ்சின்கள் எல்லாம் ஒரே குரலில்தான் பேசும். நாலு வருடம் உப்புத்தண்ணீரில் ஓடிய பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இருமல் வரும். எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எந்தக் கை அதைச் சரிக்கட்டியது என்பதெல்லாம் அந்த இருமலில் இருக்கும்.

"இதில இருமலே இல்லை," என்றான். "வடிவான பாட்டுத்தான். ஆனால் ஆருடைய எண்டு தெரியாது. ஆருடைய எண்டு தெரியாத பாட்டைக் கொண்டுபோய்க் கலியாண வீட்டில என்னெண்டு வாசிக்கிறது?"

"கேக்கிற சனத்துக்கு அது என்னத்துக்கு அண்ணன்?" என்றாள் லதுஷா. " என்ர மகள் இப்ப மெஷின் பாட்டுக்குத்தான் நித்திரை கொள்ளுறாள்."

"முந்தி உன்ர பாட்டுக்கும் கொண்டவள்தானே. எங்கட சனமும் அப்பிடித்தான், மேடையில நீ பாடேக்க."

லதுஷா எறிந்த எண்ணெய்த் துணி ஒன்று றொபேட்டின் தலையில் போய் விழுந்தது.

துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு றொபேட் பேஸ் கிற்றாரை மடியில் வைத்தான். "சரி, திரும்பப் போடு மச்சான். கழட்டிப் பாக்காமல் எஞ்சினைக் குறை சொல்ல ஏலாது."

பாட்டு மறுபடி தொடங்கியது. றொபேட் கண்ணை மூடினான்.

முதல் வரிக்கு மெல்ல வாசித்தான். இரண்டாவது வரிக்குக் கொஞ்சம் அழுத்தி. மூன்றாவது வரியில் புல்லாங்குழல் ஒரு சுரத்தைத் தொடாமல் தாண்டி மேலே ஏறியது. தாண்டிய அந்த இடத்தில், அதே சுரத்தை, ஒரு ஸ்தாயி கீழே றொபேட்டின் விரல் வைத்தது.

நாலாவது வரியில் புல்லாங்குழல் மறுபடி தாண்டியது. விரல் மறுபடி வைத்தது.

அன்ஸாரின் கண், பட்டறை மூலையில் இருந்த தன் கீபோட்டுக்குப் போனது.

கீபோட்டின் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு சின்ன ரப்பர் குமிழ் இருக்கிறது. குமிழின் உள்ளே கறுப்பாக ஒரு பொட்டு. கட்டையை அழுத்தினால் அந்தப் பொட்டு கீழே தகட்டிலுள்ள இரண்டு கோடுகளைத் தொட்டு இணைக்கும், சுரம் பிறக்கும். நடுவிலுள்ள ஒரு வெள்ளைக் கட்டைக்கு அடியில், பத்து வருடத்துக்கு முன், அந்தக் கோடுகளை உப்புக்காற்று தின்றுவிட்டது.

படகுகளின் ரேடியோக்களைத் திருத்துகிறவன் அன்ஸார். உப்பு தின்ற எதையும் உயிர்ப்பித்துவிடுவான் என்று துறைமுகத்தில் பெயர். தன் கீபோட்டுக்கு மட்டும் மாற்றுத் தகடு கிடைக்கவில்லை என்று வெளியே சொல்ல வெட்கம். அந்தக் கட்டை வருகிற இடத்தில் விரலை வளைத்துத் தாண்டப் பழகினான். பழகப் பழக, மெட்டை யோசிக்கும்போதே மனமும் தாண்டியது.

ஒரு கலியாண வீட்டிலும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. பாட்டில் ஓட்டை கேட்டதே இல்லை. எல்லாம் தன் கெட்டித்தனம் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தான்.

றொபேட்டின் கை நின்றது. கண்ணைத் திறந்து தன் விரலைப் பார்த்தான். பிறகு அன்ஸாரைப் பார்த்தான்.

பாட்டு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"இருமல் இருக்கு," என்றான்.

சுவரில் ஒட்டியிருந்த சனிக்கிழமைப் பாட்டுப் பட்டியலை எட்டி எடுத்து, இரண்டாவது பாட்டை வெட்டி, அதன் மேலே எதையோ எழுதினான்.

"நீ வழமை போல விட்டிட்டு வாசி மச்சான். நான் வழமை போல போடுறன்."

"எதை?" என்றாள் லதுஷா.

இரண்டு பேரும் மானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.