சனிக்கிழமை லேசர்

"வீட்டம்மா முழங்கால் எப்படி இருக்கு டாக்டர்?" என்று சவரிநாதன் கேட்டார்.

டாக்டர் தாவூது அவர் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னார். "வலி இன்னும் விடல. லேசர் வைக்க இன்னும் சில வாரம் வரணுங்க."

"அதுக்கென்ன, கூட்டிட்டு வரேன்." சவரிநாதன் வழக்கம்போல வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியை அப்படியே விட்டுவிட்டு, சனிக்கிழமைதோறும் மனைவி வியாகுலம்மாளைக் கே.கே. நகர் கிளினிக்குக்குப் பஸ்ஸில் அழைத்து வருகிற மனிதர். அவரிடம் பொய் சொல்வது டாக்டருக்கு உறுத்தியது.

உண்மையில், ஊருக்குப் புதிதாக வந்த அந்த லேசர் வெளிச்சத்திலேயே வியாகுலம்மாளின் வலி போன மாதமே போய்விட்டது. "குணமாயிடுச்சுன்னு அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டதால் வந்த பொய் இது.

இன்று டாக்டரால் பொறுக்க முடியவில்லை. பெஞ்சருகே போனார்.

"ஐயா, உங்களை ஏமாத்திட்டேன். அவங்க காலுக்கு ஒண்ணுமில்ல."

"தெரியும் டாக்டர். பஸ்ஸைப் பிடிக்க எனக்கு முன்னாடி ஓடுறாளே!" சவரிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "எங்க மக ரோசரி பின்வாசல் வழியா இங்க வந்து அம்மாவைப் பார்க்கிறதும் தெரியும். இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கிட்டாளேன்னு, என் வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னு சொன்ன பாவி நான்தானே."

உள்ளே, சிகிச்சை அறையில் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது.

சவரிநாதன் சட்டென்று எழுந்தார். சிணுங்கல் வந்த கதவையே பார்த்தார்.

"டாக்டர், எனக்கும் முழங்கால் வலிக்குது. அந்த லேசரை இப்பவே வைக்க முடியுங்களா?"