தென்கரை நடுகல்

தென்பெண்ணைப் பள்ளத்தாக்கில் நடக்க வருகிறவர்களுக்கு, பேரையும் சொந்த ஊரையும் கேட்டுக்கொண்டு வழிநெடுக விளக்கம் சொல்லும் காதுக்கருவி ஆளுக்கொன்று கொடுத்துவிடுகிறார்கள். பழங்காலக் கல்லறைகளான கல்திட்டைகள் வரைக்கும் மங்கையும் அவள் புருஷன் பரிதியும் கைகோத்துத்தான் நடந்தார்கள். நடுகற்கள் ஆரம்பித்ததும் அவன் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டான். ஆற்றில் வழுக்குப்பாறையைத் தாண்டும்போதுகூடத் திரும்பிக் கை நீட்டவில்லை.

மங்கைக்குச் சுருக்கென்றது. அவள் காதிலோ கருவியின் குரல் குழைந்துகொண்டிருந்தது: “இந்த வீரர் உங்கள் வடகரை ஆள். மாடுகளை மீட்டு வரும்போது தென்கரைக்காரர்கள் முதுகில் குத்திவிட்டார்கள்.”

பரிதி தென்கரைக்காரன். இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு நடந்த கல்யாணம். தெரிந்தேதான் இதையெல்லாம் மறைத்தானா?

பெரிய நடுகல்லின் முன்னால் நின்று, அவனும் கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. சட்டென்று அவன் கருவியைப் பிடுங்கித் தன் இன்னொரு காதில் வைத்தாள். அதே குரல், அதே குழைவு: “இந்த வீரர் உங்கள் தென்கரை ஆள். முதுகில் குத்தியவர்கள் வடகரைக்காரர்கள்.”

மங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தன்னுடையதைக் கழற்றி அவன் காதில் வைத்தாள்.

“கேளு பரிதி, ஆளுக்குத் தகுந்த மாதிரி அளக்குது! இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?”

அவன் கடைசி வரை கேட்டான். சிரிக்கவில்லை.

“அப்போ ரெண்டுல ஒண்ணுதான் பொய்” என்றான். அவளுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தன்னுடையதைக் கேட்டுக் கையை நீட்டினான்.